பதினைந்து ரூபாய்ப் போர்டும் ஒரு சம்பளப் பேச்சும்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், தொழிற்சாலைகள் வரிசையாக வருகிற இடத்தில், மாடி வைத்த மெஸ் ஒன்று இருக்கிறது. அது நான் கட்டியது. அதன் பின்னால் வெளியூர்ப் பையன்கள் வாடகைக்கு இருக்கிற லைன் வீடுகளும் நான் கட்டியவை. அந்த மண்ணில் உப்புத் தண்ணீர்தான் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். போர் போட்டு நல்ல தண்ணீர் எடுத்தேன். இரண்டு பெண்களைக் கல்லூரி வரை படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. லால்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பையோடு சிதம்பரம் வந்து, ஹோட்டலில் எச்சில் இலை எடுத்தவன். கூடப் பிறந்த அண்ணன் நிலத்தில் பங்கு இல்லை என்றான். பேங்கில் கடன் இல்லை என்றார்கள். மெஸ் போட்டால் ஆறு மாசத்தில் மூடிவிடுவாய் என்று பக்கத்துக் கடைக்காரரே சொன்னார். அவர் கடை இப்போது இல்லை.

இதெல்லாம் நான் ஒருவனே கட்டியது என்று 2007-ஆம் வருஷம் வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் சொல்கிறேன், ஒரு சின்னத் திருத்தத்தோடு. அந்தத் திருத்தம் எப்படி வந்தது என்பதுதான் இந்த அனுபவம்.

மெஸ்ஸுக்கு எதிரில் ஒரு கம்பெனி. காருக்கு பிரேக் பாகங்கள் செய்கிறார்கள். இங்கே செய்து லாரியில் ஏற்றினால், சென்னைப் பக்கத்தில் இருக்கிற கார் கம்பெனிக்குப் போகும். நிரந்தரத் தொழிலாளிகளுக்குச் சங்கம் உண்டு. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை சங்கமும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசிச் சம்பள ஒப்பந்தம் போடுவார்கள். அந்த வருஷம் பழைய ஒப்பந்தம் முடிந்து பல மாசம் ஆகியும் புதியது படியவில்லை.

சங்கத்தின் செயலாளர் என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் வாடகை வீட்டில் குடும்பத்தை வைத்துக்கொண்டு, கம்பெனி பஸ்ஸில் வந்துபோகிறவன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த ஒப்பந்தம் ஒழுங்காக வராவிட்டால் பெண்டாட்டி பிள்ளையோடு கிளம்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தான். என் மனைவிக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். அதனால் கம்பெனிக்குள் நடக்கிற பேச்சு எங்கள் வீட்டுச் சமையற்கட்டிலும் நடந்துகொண்டிருந்தது.

சண்டை எதில் என்று மச்சான் எனக்கு விளக்கினான். நான் படிக்காதவன் என்பதால் சாப்பாட்டுத் தட்டை வைத்தே விளக்கினான்.

“இது நாங்க, மாமா” என்று சோற்றைத் தொட்டான். “எங்களை யாரோட சேத்துப் பாக்கறதுங்கிறதுதான் பிரச்சன. சென்னைப் பக்கம் இதே பிரேக் பார்ட்டு செய்யறவன் வாங்கற சம்பளத்தைப் பாருன்னு நாங்க சொல்றோம். அவுங்க இன்னா சொல்றாங்கன்னா, நீ இருக்கறது கடலூரு, இங்க இருக்கற சர்க்கரை ஆலைக்காரன், கெமிக்கல் கம்பெனிக்காரன் இன்னா வாங்கறானோ அதைப் பாருங்கறாங்க.”

“ரெண்டும் ஒரே சோறுதானே.”

“சோறு ஒண்ணுதான். ஊத்தற கொழம்பு வேற” என்றான்.

இன்னொன்றும் சொன்னான். கார் கம்பெனிக்காரன் பாகங்களை வாங்கிக் குவித்து வைக்க மாட்டானாம். அன்றன்றைக்கு வேண்டியது அன்றன்றைக்கு வந்து சேர வேண்டும். இங்கே ஒரு நாள் வேலை நின்றால் அங்கே காரைப் பூட்டுகிற பெல்ட்டே நின்றுவிடும். அதுதான் சங்கத்தின் பலம். ஆனால் கம்பெனியும் கான்ட்ராக்ட் ஆட்களை உள்ளே சேர்த்துக்கொண்டே இருந்தது. நிரந்தர ஆள் வேலைநிறுத்தம் என்று வெளியே போனால் கான்ட்ராக்ட் பையனை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டலாம். அது நிர்வாகத்தின் பலம். நடுவில் எங்கேயோ சம்பளம் இருக்கிறது. அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

இப்போது என் போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மெஸ் வாசலில், சாலையைப் பார்த்து ஒரு பெரிய போர்டு வைத்திருந்தேன். மஞ்சள் பெயின்டில் சிவப்பு எழுத்து. ‘முழுச் சாப்பாடு ரூ. 15. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இதைவிடக் குறைந்த விலைக்கு உண்டா? காட்டினால் ஒரு மாதச் சாப்பாடு இலவசம்.’ வாசகம் என்னுடையது. எழுதியவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, எழுத்தைப் பெரிதாக்கு, பெரிதாக்கு என்று பக்கத்தில் நின்று சொன்னேன். பஸ்ஸில் போகிறவர்கள் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். சாம்பார், ரசம், கூட்டு, மோர், அப்பளம் எல்லாம் உண்டு. அரிசி விலை ஏறியபோதும் நான் ஏற்றவில்லை. ஏற்றினால் போர்டை மாற்ற வேண்டும். அந்தப் போர்டு எனக்கு ஒரு மெடல் மாதிரி.

ஒரு நாள் காலை இட்லி வேகிற நேரத்தில் மச்சான் வந்தான். சாப்பிட உட்காரவில்லை.

“மாமா, அந்தப் போர்டைக் கழட்டுங்க.”

“எதுக்குடா?”

“நேத்து சிதம்பரத்துல லாட்ஜுல உக்காந்து பேசினோம். மேனேஜரு ஒரு போட்டோவை எடுத்து மேசையில வெக்கறாரு. உங்க போர்டு! ‘கேட்டுக்கு எதிர்லயே பதினஞ்சு ரூபாய்க்கு முழுச் சாப்பாடு. சென்னையில இந்த விலைக்கு டீயும் வடையும்தான். அப்புறம் எதுக்குச் சென்னைச் சம்பளம்?’னு கேக்கறாரு. எங்க ஆளுங்க வாயடைச்சுப் பூட்டாங்க.”

உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது பெருமைதான். அவ்வளவு பெரிய படிப்புப் படித்த மேனேஜர் என் போர்டைப் போட்டோ எடுத்திருக்கிறார்.

“நல்லா வந்திருக்காடா போட்டோ?” என்று கேட்டுவிட்டேன்.

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்தாள். மச்சான் சிரிக்கவில்லை. “உங்க போர்டால எங்க சம்பளம் போவுது மாமா. கழட்டுங்க. இல்லைன்னா முப்பதுன்னு மாத்தி எழுதுங்க.”

“முப்பதுன்னா இங்க சாப்பிடற கான்ட்ராக்ட் பசங்க எங்கடா போவானுங்க? உன் சம்பளம் ஏறணும்னு அவன் பட்டினி கெடக்கணுமா? என் போர்டை எவனும் கழட்ட முடியாது.”

அவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான். அக்கா கூப்பிட்டும் திரும்பவில்லை.

அடுத்த நாள் கம்பெனி வாசலில் சங்கம் போட்ட கேட் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் கையை நீட்டி என் போர்டைக் காட்டிப் பேசினார்கள். மைக் சத்தம் என் கல்லாப்பெட்டி வரை கேட்டது. அதற்கடுத்த நாள் காலையில் பார்த்தால், போர்டில் ‘15’ என்ற எண் மேல் சங்கத்தின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ‘ஊதிய உயர்வு வேண்டும்.’ சரியாக எண் இருந்த இடத்தில். சேர்த்துப் படித்தால், முழுச் சாப்பாடு ரூபாய் ஊதிய உயர்வு வேண்டும் என்று வந்தது. நிரந்தரத் தொழிலாளிகள் ஒருவரும் மெஸ் பக்கம் வரவில்லை. கான்ட்ராக்ட் பையன்கள் மட்டும் வந்து, தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பேச்சு முறிந்து, விஷயம் கடலூரில் தொழிலாளர் துறை அதிகாரியிடம் போனது. அங்கே இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமரசம் பேசுவார்கள். நானும் வருகிறேன் என்றேன்.

“நீங்க வந்தா இருக்கறதும் பூடும் மாமா” என்றான் மச்சான்.

யார் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்? வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மொபெட்டில் கிளம்பிவிட்டேன்.

அந்த அறையில் ஒரு பக்கம் நிர்வாகம், எதிர்ப் பக்கம் சங்கம், நடுவில் அதிகாரி. டீ மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே கடையிலிருந்து வந்தது. வாசலில் நின்ற என்னைப் பார்த்து, நீங்கள் யார் என்று அதிகாரி கேட்டார். மேசையில் இருந்த போட்டோவைக் காட்டி, “அது என் போர்டுங்க ஐயா” என்றேன். அறையில் சிரிப்பு. மச்சான் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரி என்னையும் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

மேனேஜர் மரியாதையான மனுஷர். அதட்டிப் பேச மாட்டார். “நல்லதாப் போச்சு, நீங்களே வந்துட்டீங்க. பதினஞ்சு ரூபாய் உண்மைதானே?”

“சத்தியமா உண்மை. உங்க டிரைவர்கூட பார்சல் வாங்கறாரு. யாருக்குன்னு நான் கேக்கறது இல்ல.”

மறுபடியும் சிரிப்பு. மேனேஜரும் சிரித்தார்.

“நஷ்டத்துக்கா விக்கறீங்க?”

“நஷ்டத்துக்கு வித்தா மாடி எப்படிங்க கட்டியிருப்பேன்?”

மேனேஜர் சங்கத்தின் பக்கம் திரும்பி, பார்த்தீர்களா என்பது போலக் கையை விரித்தார். என் பக்கத்தில் மச்சான் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. மேனேஜர் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜெயித்தவருக்கு இன்னொரு அடி அடிக்கத் தோன்றும்.

“உங்க மெஸ்ல சமைக்கறவங்களுக்கு என்ன சம்பளம் தர்றீங்க?” என்று கேட்டார். இந்த ஊர்ச் சம்பளம் எவ்வளவு குறைச்சல் என்று என் வாயாலேயே சொல்லவைக்க நினைத்தார் என்று இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

“சம்பளமா? யாருக்கும் கெடயாது. சமைக்கறது என் பொண்டாட்டி. காய் நறுக்கி, பாத்திரம் தேய்க்கறது என் தங்கச்சி. கல்லாவுல நான். லீவு நாள்ல பொண்ணுங்க எல போடுவாங்க. எல்லாம் வீட்டு ஆளுங்கதானே.”

அதிகாரி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். போட்டோவைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“அப்ப இந்தப் பதினஞ்சு ரூபாயில அரிசி இருக்கு, பருப்பு இருக்கு, வெறகு இருக்கு. ஆள் கூலி மட்டும் இல்ல” என்றார். “கூலியே இல்லாத ஒரு விலையை வெச்சு எப்படி சார் கூலி போடறது?”

அத்தனை வருஷம் அந்தப் போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தோன்றியதே இல்லை. அதற்காக வாய் சும்மா இருக்குமா? “அதைத்தாங்க ஐயா சொல்ல வந்தேன்” என்றேன். மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். பல நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு.

அந்தப் போட்டோவை அதற்குப் பிறகு மேனேஜர் மேசையில் வைக்கவே இல்லை. பேச்சு வேறு பக்கம் போனது. எத்தனை பேர் வேலையை விட்டுவிட்டுச் சென்னைப் பக்கம் போனார்கள், புது மாடல் காருக்கு எவ்வளவு பாகம் வேண்டும், ஒரு ஷிஃப்டுக்கு எவ்வளவு உற்பத்தி கூட்டித் தருவீர்கள் என்றெல்லாம் பேசினார்கள். நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மெஸ்ஸில் இருக்க வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜெயித்தவன் மாதிரி மொபெட்டில் வந்தேன். வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். மச்சான் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

“ஆபீசர் முன்னாடி எனக்குச் சம்பளமே கெடயாதுன்னு சொன்னீங்களாமே?”

“ஆமா. அதுலதான் கேஸே திரும்புச்சு.”

“அவுருக்குப் புரிஞ்சுது. உங்களுக்குப் புரிஞ்சுதா?”

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அன்றைக்குச் சமைத்ததைப் பரிமாறினாள். மறுநாள் காலை அடுப்பு பற்றவைக்கவில்லை. என் தங்கச்சியும் அவளும் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, சாப்பிடுகிற மேசையில் வாடிக்கைக்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னா இது? மத்தியானம் பசங்க வந்துடுவானுங்க.”

“ஒப்பந்தம் போட்டாத்தான் அடுப்பு” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. “கடலூருல, சிதம்பரத்துல, இந்த ரோட்டுல எந்த மெஸ்ஸுலயாவது பொண்டாட்டிக்குச் சம்பளம் குடுக்கறானா? ஒருத்தனைக் காட்டு!”

அந்த நேரம் பார்த்து மச்சான் ஷிஃப்ட் முடிந்து சாப்பிட வந்தான். வாசலிலேயே நின்று சிரித்தான். “மாமா, அப்படியே மேனேஜரு பேசற மாதிரியே பேசறீங்க.”

“நீ சும்மா இரு மச்சான். இது குடும்ப விஷயம்.”

“அவுங்களும் கம்பெனி ஒரு குடும்பம்னுதான் சொல்றாங்க மாமா.”

என் மனைவி நிறுத்தவில்லை. “பக்கத்து மெஸ்ஸைப் பாக்காதீங்க. கல்யாண மண்டபத்துல சமைக்கறவங்களுக்கு இன்னா குடுக்கறாங்கன்னு பாருங்க. திருவந்திபுரத்துல முகூர்த்த நாள்ல சமையலுக்கு வான்னு என்னை ஒரு கான்ட்ராக்டரு ரெண்டு தடவை கூப்பிட்டாரு. நாளைக்கே போவேன். உங்க தங்கச்சியும் வரும்.”

தங்கச்சி என்னைப் பார்க்காமல் தலையை ஆட்டினாள். புருஷனை இழந்து என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நான் சோறு போடுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சோற்றை வடித்தது அவள் கை.

“உங்கள யாருமே கூப்பிட மாட்டாங்கன்னு நெனச்சீங்களா அண்ணே?” என்று மட்டும் கேட்டாள். அவளைச் சொல்கிறாளா, என்னைச் சொல்கிறாளா என்று ஒரு நிமிஷம் குழம்பிப் போனேன். “வாய் தவறிப்போச்சு. எங்களை, அண்ணே” என்று அவளே திருத்தினாள். மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான்.

மணியைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் கான்ட்ராக்ட் பையன்கள் பசியோடு வந்து நிற்பார்கள். உலை இப்போது ஏறினால் உண்டு. சாப்பாடு என்பது சேர்த்து வைத்துக்கொள்கிற சரக்கு இல்லை, அன்றன்றைக்கு வேண்டும். கார் கம்பெனிக்கும் பிரேக் பாகத்துக்கும் மச்சான் சொன்னது அப்போதுதான் எனக்கு வயிற்றில் புரிந்தது. அவனையே கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்தேன். அவர்கள் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று, படிந்தது இரண்டுக்கும் நடுவில். கூடவே வாரத்தில் அரை நாள் ஓய்வு வேண்டும் என்றாள் என் மனைவி. அதையும் ஒத்துக்கொண்ட பிறகுதான் நெருப்புக் குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு ரசமும் அப்பளமும் மட்டும். பையன்கள் ரசத்தையே இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

சம்பளம் போட்டதும் பதினைந்து ரூபாய் கட்டுப்படியாகவில்லை. விலையை எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்தது என் மனைவி. மூன்று ரூபாய் ஏற்றினாள். மாசக் கணக்கில் சாப்பிடுகிற கான்ட்ராக்ட் பையன்களுக்கு மட்டும் பழைய விலை. போர்டை நானே ஏணி போட்டு ஏறி மாற்றினேன். சவால் வாசகத்தை எடுத்துவிட்டேன். ஒரு பையன்கூடச் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. நிரந்தரத் தொழிலாளிகளும் திரும்பி வந்தார்கள்.

கொஞ்ச நாளில் கம்பெனியிலும் ஒப்பந்தம் கையெழுத்தானது. சென்னைச் சம்பளம் வரவில்லை. கடலூர்ச் சம்பளத்தோடும் நிற்கவில்லை. நடுவில் வந்தது. உற்பத்தியைக் கூட்டித் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்தது. கான்ட்ராக்ட் பையன்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. மச்சான் ஸ்ரீபெரும்புதூர் போகவில்லை. கேட்டில் லட்டு கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது.

அந்தச் சம்பளம் எதனால் ஏறியது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சங்கத்தின் ஒற்றுமை என்பார்கள் தலைவர்கள். புது மாடலுக்கு ஆர்டர் வந்தது, அதனால் கொடுத்தோம் என்றார் மேனேஜர். நல்ல ஆட்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போனதில் பயந்துவிட்டார்கள் என்கிறான் மச்சான். எல்லாம் சரியாக இருக்கலாம். நான் பார்த்த வரையில், ஒருவனுக்கு எவ்வளவு தேவை என்று பார்த்து யாரும் சம்பளம் போடுவதில்லை. வேறு இடத்தில் அவனைக் கூப்பிடுகிறார்களா, அவன் நின்றால் எது நிற்கும், அவனை யாரோடு சேர்த்துப் பார்க்கிறோம் என்பதைத்தான் பார்க்கிறார்கள். இதை எனக்குக் கம்பெனி பாதி கற்றுக்கொடுத்தது. மீதியை என் வீட்டு அடுப்பு கற்றுக்கொடுத்தது.

2012-இல் கம்பெனி வாசலில் சங்கக் கொடிக்கம்பத்துக்குக் கீழே ஒரு கல் வைத்தார்கள். இதுவரை போட்ட ஒப்பந்தங்களும், அதற்குப் பாடுபட்டவர்கள் பேரும் அதில் இருக்கின்றன. என் மச்சான் பேர் இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து ஒரே ஒரு கூட்டத்தில் பேசிவிட்டுப் போனவர் பேர்கூட இருக்கிறது. என் பேர் இல்லை. தினமும் கல்லாவிலிருந்து அதைப் பார்க்கிறேன். கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

சங்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வரியில், கூலி இல்லாமல் சமைத்தவர்கள் என்று என் மனைவியையும் என் தங்கச்சியையும் போடுங்கள். அதுதான் நான் முதலில் சொன்ன திருத்தம். அடுத்த வரியில், அதை அதிகாரி முன்னால் எழுந்து சொன்னவன் என்று என்னைப் போடுங்கள். உட்கார்ந்துதான் சொன்னேன், பரவாயில்லை, எழுந்து என்றே போடுங்கள். செதுக்குகிற செலவை நான் கொடுத்துவிடுகிறேன். ஆனால் செதுக்குகிறவருக்குக் கூலியைக் குறைக்காதீர்கள்.